ஓரியூர், காற்றாடிமலை, பரங்கிமலை: மறைசாட்சிகளின் இடங்களுக்குத் திருப்பயணம், முதல் நாள் முதல் வீடு திரும்பும்வரை

வேன் பிடித்து, ஒரே மூச்சில் எட்டுத் திருத்தலங்களைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் கால்மணி நேரம் நின்று, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கிளம்புவது இன்று வழக்கமாகிவிட்டது. மாதா திருத்தலங்களுக்கு அது ஓரளவு ஒத்துவரும். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சி இரத்தம் சிந்திய இடத்துக்கு ஒத்துவராது. கைது, சிறை, கொலை, அடக்கம் என அவர் பாடுகள் ஊர் ஊராக நீள்கின்றன. எந்த ஊருக்குப் பின் எந்த ஊர் என்று தெரியாமல் போனால், கடைசியில் நினைவில் நிற்பது வாகன நிறுத்தமும் சாப்பாட்டுக் கடையும்தான். தமிழ்நாட்டின் மூன்று மறைசாட்சிகளின் இடங்களுக்கு எப்படித் தயாராவது, எந்த வரிசையில் போவது, புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

1. ஒரு பயணம், ஒரு மறைசாட்சி

முதல் முடிவு இதுதான். திருத்தூதர் தோமாவின் இடங்கள் சென்னையில். புனித அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) கொல்லப்பட்ட ஓரியூர் இராமநாதபுரம் மாவட்டத்தில். திருவிதாங்கூர் அரசில் பணிசெய்து, பின்பு கிறிஸ்தவரான புனித தேவசகாயத்தின் இடங்கள் குமரி மாவட்டத்தில், ஒன்று மட்டும் திருநெல்வேலி மாவட்டத்தில். மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்த்தால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும்.

சென்னைக்கு ஒரு நாள், ஓரியூருக்கு ஒரு நாள், குமரிக்கு ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். முதல்முறை போகிறவர்களுக்குக் குமரியைச் சொல்லலாம். பிறந்த ஊர் முதல் கல்லறை வரை எல்லாமே ஏறத்தாழ ஒரே நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடப்பது அங்கேதான்.

2. நாள் குறிப்பது

டிக்கெட்டைத் தொடுவதற்கு முன் திருவிழா நாட்களைப் பாருங்கள். தேவசகாயம் கொல்லப்பட்டது 1752 ஜனவரி 14. அருளானந்தர் கொல்லப்பட்டது 1693 பிப்ரவரி 4. தோமாவின் திருவிழா ஜூலை 3.

ஜனவரி 14 பொங்கலோடு சேர்ந்து வரும். ஊருக்குப் போகும் கூட்டம் முழுவதும் அதே நாகர்கோவில் ரயில்களில்தான் ஏறும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, அந்த முதல் நாளிலேயே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் யோசிக்கத் தொடங்குகிறவர்கள் கடைசியில் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறார்கள்.

திருவிழாவைப் பார்க்கவேண்டுமா, இடத்தில் அமர்ந்து செபிக்கவேண்டுமா என்பதைத் தெளிவாக முடிவுசெய்யுங்கள். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. கொடியேற்றமும் தேர்பவனியும் வேண்டுமென்றால் திருவிழா நாள். கல்லறை முன் அரைமணி நேரம் தனியாக இருக்கவேண்டுமென்றால் சாதாரண வாரநாள். தேவசகாயத்தின் கல்லறை இருக்கும் நாகர்கோவிலின் கோட்டாறு பேராலயத்தில் இன்னொரு பெருங்கூட்டமும் உண்டு: நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் 3 வரை சவேரியார் திருவிழா. அந்தப் பத்து நாளும் தேவசகாயத்தின் கல்லறையருகே அமைதியை எதிர்பார்க்க முடியாது.

தவக்காலத்தில் ஓரியூர் போவதற்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறது. 1693-இல் பிப்ரவரி 4 சாம்பல் புதனாக வந்தது. நெற்றியில் சாம்பல் பூசும் நாளில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. கூட்டமாகப் போகும் பங்குகள் சாம்பல் புதனை அடுத்த வாரங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. திருவிழா நெரிசலும் இருக்காது, வெயிலும் இன்னும் ஏறியிருக்காது.

குமரிக்கு இரண்டு எச்சரிக்கைகள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான்.

3. கூட்டமாகப் போனால் முன்கூட்டியே பேசவேண்டியவை

பத்துப் பேருக்கு மேல் என்றால் திருத்தல அதிபரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்னதாகப் பேசுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, உங்களோடு குரு வருகிறாரா, ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) வேண்டுமா என்ற நான்கையும் சொல்லிவிடுங்கள். கடைசியானதைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஐம்பது பேர் திடீரென்று பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை கட்டினால் ஒரே குருவால் பூசைக்குமுன் முடிக்க முடியாது.

உங்கள் குரு அங்கே திருப்பலி நிறைவேற்றுவதாக இருந்தால், அவர் குரு என்பதற்கான மறைமாவட்டச் சான்றை எடுத்துவரச் சொல்லுங்கள். முகம் தெரியாத குருவிடம் அதைக் கேட்பது அதிபரின் கடமை. கேட்டதற்காகக் கோபித்துக்கொண்டு நிற்பது காலை நேரத்தைத்தான் கெடுக்கும்.

மறைசாட்சிக்கான திருப்பலியில் குருவின் உடை சிவப்பு. ஆனால் எல்லா நாளும் அந்தத் திருப்பலியை வைக்க முடியாது. திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்காக் காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளிலும், பெருவிழாக்களிலும், சாம்பல் புதனன்றும், புனித வாரத்திலும் அந்த நாளுக்குரிய திருப்பலியே நடக்கும். பாடகர் குழு மறைசாட்சிப் பாடல்களாகவே தயார்செய்து வந்து, அங்கே போய் மாற்றத் திணறுவது அடிக்கடி நடக்கிறது. நாளைச் சொல்லிக் குருவிடம் கேட்டுவிட்டு ஒத்திகை பாருங்கள்.

மன்றாட்டுகளை எழுதும்போது ஒரு கவனம் தேவை. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது திருச்சபை பயன்படுத்திய பெயர் "தேவசகாயம்" மட்டுமே. பழைய செபப் புத்தகங்களில் சாதிப் பெயரோடு இருக்கும். அதை அப்படியே படிக்காதீர்கள். சாதி வேறுபாட்டைத் தூக்கியெறிந்து எல்லாரோடும் பழகியவரின் கல்லறை முன் அந்தச் சொல் ஒட்டாது.

4. பையில் என்ன இருக்கவேண்டும்

குறைவாக எடுங்கள். மறைசாட்சியின் வரலாறு இரண்டு பக்கத்தில், செபமாலை, திருவிவிலியம் அல்லது அன்றைய வாசகங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, தோளை மூடும் துண்டு, சில்லறைக் காசு. வயதானவர்களுக்கு ஒரு ஜோடி தடித்த காலுறை. பாறையிலும் படியிலும் செருப்பில்லாமல் ஏற விரும்புகிறவர்கள் பலர், சூடு தாங்காமல் பாதியில் திரும்புகிறவர்களும் அவர்களே.

மூடியுள்ள சிறு டப்பா ஒன்றும், கால் லிட்டர் பாட்டில் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதற்கென்று கீழே வரும்.

வரலாற்றை வண்டியிலேயே வாசித்து முடித்துவிடுங்கள். தலத்தில் இறங்கிய பிறகு ஒலிபெருக்கியில் கதை சொல்லத் தொடங்கினால், ஏற்கனவே செபித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு அது தொல்லை.

5. தேவசகாயத்தின் வழி: நட்டாலம் முதல் கோட்டாறு வரை

பெரும்பாலோர் நாகர்கோவிலில் இறங்கி நேராகக் கோட்டாறு கல்லறைக்குப் போகிறார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்பதுதான் காரணம். கல்லறையில் தொடங்கினால் மற்ற இடங்கள் எல்லாம் பின்குறிப்புகளாகிவிடும். மேற்கிலிருந்து கிழக்காகக் காற்றாடிமலை வரை போய்விட்டுத் திரும்புங்கள், கல்லறையைக் கடைசிக்கு வையுங்கள்.

*காலை 7 மணி, நட்டாலம்.* 1712-இல் பிறந்த ஊர். மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகும் பக்கம். பேருந்தில் வருகிறவர்கள் மார்த்தாண்டத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ரயிலில் என்றால் குழித்துறை. இது குழித்துறை மறைமாவட்டம், கோட்டாறு அல்ல. திருப்பலிக்கு அனுமதி கேட்கும்போது பலர் தவறான அலுவலகத்துக்குப் போன் செய்கிறார்கள்.

*9 மணி, புலியூர்க்குறிச்சி.* தக்கலையை ஒட்டிய இடம். தாகத்தில் தவித்தவர் முட்டால் இடிக்கப் பாறையில் நீர் சுரந்தது என்பது மக்கள் மரபு. அதனால்தான் முட்டிடிச்சான் பாறை என்று பெயர். கால் லிட்டர் பாட்டில் இதற்குத்தான். குழி சிறியது. ஐந்து லிட்டர் கேனைக் கொண்டுவந்து நிரப்ப நின்றால் பின்னால் நிற்கும் எல்லாரும் காத்திருக்கவேண்டும்.

அருகிலேயே உதயகிரிக் கோட்டை. தேவசகாயத்துக்குக் கிறிஸ்துவைப் பற்றி எடுத்துச் சொன்ன டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை கோட்டைக்குள், கூரையில்லாமல் சிதைந்து நிற்கும் சிற்றாலயத்தில் இருக்கிறது. அவர் இறந்தது 1777. திருப்பயணிகள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இருபது நிமிடம் ஒதுக்குங்கள்: ஒருவர் சொன்ன வார்த்தை இன்னொருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இங்கே நின்று நினைத்துவிட்டு மேலே போனால், மாலையில் பாறைமேல் நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

*10.30, பத்மநாபபுரம் அரண்மனை.* அவர் பணி செய்த அரசின் அரண்மனை. மார்த்தாண்டவர்மர் காலத்துத் திருவிதாங்கூரின் தலைநகர் இதுதான். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசிடம். மதியம் இடைவேளை விடுவார்கள், அதற்குள் முடித்துவிடுங்கள். நேரம் இறுக்கமாக இருந்தால் இந்தப் பட்டியலில் விடக்கூடியது இது ஒன்றுதான்.

*பிற்பகல் 2 மணி, பெருவிளை.* நாகர்கோவிலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வேப்பமரத்தில் அவர் மாதக்கணக்கில் கட்டிவைக்கப்பட்ட இடம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இருப்பதால் சுற்றுலா வண்டிகள் அதிகம் வருவதில்லை, அமைதி இருக்கும். சிலுவைப்பாதை செய்யவோ நோயாளிகளுக்காகச் செபிக்கவோ இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை.

*மாலை 4 மணி, காற்றாடிமலை.* ஆரல்வாய்மொழிக்கு அருகில். சுட்டுக்கொல்லப்பட்ட இடம். 4 மணிக்கு முன் போகாதீர்கள். பாறை பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்திருக்கும், அதில் முழந்தாளிட முடியாது. அதிகாலையில் வருவதும் நல்லதுதான், ஆனால் வரிசை குலைந்துவிடும்.

அவர் முழந்தாளிட்டுச் செபித்ததாகக் காட்டப்படும் இடத்தில் முதலில் நில்லுங்கள். அதன்பிறகு மணியடிச்சான் பாறை. கல்லால் தட்டினால் மணியோசை கேட்கும். கைக்குள் அடங்கும் சிறு கல் போதும், மெதுவாகத் தட்டினாலே கேட்கும். பெரிய கல்லால் ஓங்கி அடிப்பது பாறையைத்தான் சிதைக்கும். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். பாறையில் பெயர் கிறுக்குவதும், துண்டு உடைத்து எடுப்பதும் வேண்டாம்.

மெழுகுவர்த்தி இங்கே நிற்காது. வெட்டவெளியில் ஏற்ற முயன்று தீக்குச்சிப் பெட்டியைக் காலிசெய்கிறவர்களைப் பார்க்கலாம். ஆலயத்துக்குள் ஏற்றுங்கள். குடையும் விரிக்காதீர்கள்.

*மாலை 6 மணிக்கு மேல், கோட்டாறு.* உடலின் எஞ்சிய பகுதிகளை மக்கள் எடுத்துவந்து சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைக்கு அவர்கள் வந்த வழியாகவே நீங்களும் வந்திருக்கிறீர்கள், கல்லறையைக் கடைசிக்கு வைக்கச் சொன்னதற்கு அதுவே முக்கியக் காரணம். மாலைப் பூசை நேரத்தை முன்னரே கேட்டு வைத்துக்கொண்டால் பயணத்தைத் திருப்பலியோடு முடிக்கலாம்.

*மறுநாள் காலை, வடக்கன்குளம்.* 1745-இல் அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர். வரலாற்றின்படி இது நடுவில் வரவேண்டியது. ஆனால் ஊர் ஆரல்வாய்மொழிக்கும் அப்பால், திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. முதல் நாளில் திணித்தால் காற்றாடிமலையில் இருட்டிவிடும். திருநெல்வேலி வழியாக ஊர் திரும்புகிறவர்களுக்குப் பாதைக்கு அருகிலேயே இருப்பதால் மறுநாளுக்கு வைப்பதே சரி. அங்கே உங்கள் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

6. ஓரியூர்

வழி: ரயிலில் காரைக்குடி, அங்கிருந்து தேவகோட்டை வழியாகத் திருவாடானை, பிறகு ஓரியூர். தங்குவதற்குக் காரைக்குடி அல்லது தேவகோட்டை வசதி. பேருந்தில் போகிறவர்கள் இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். பெரிய ஊர் அல்ல, ஒரு பேருந்தை விட்டால் காத்திருப்பு நீளும்.

புதியவர்கள் இங்கே முதலில் தேடுவது கல்லறையை. ஓரியூரில் கல்லறை இல்லை. தலை வெட்டப்பட்டபின் உடலை அடக்கம் செய்ய விடாமல் வெட்டவெளியில் விட்டுவிட்டார்கள். இங்கே வணங்கப்படுவது இரத்தம் சிந்தப்பட்ட அந்த மண். அவருடைய இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்பும் செம்மண் அது.

அதனால் செய்யவேண்டிய வரிசை இப்படி: ஆலயத்தில் நற்கருணை ஆண்டவரைச் சந்தித்துவிட்டு, கொல்லப்பட்ட இடத்துக்குப் போய், முழந்தாளிட்டுச் செபித்து, கடைசியில் மண். சிறு டப்பா இதற்குத்தான். எங்கே எடுக்கலாம் என்று தலத்தாரிடம் கேளுங்கள், ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். பையை நிரப்பிச் சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு என்று அள்ளுவது சரியல்ல, எல்லாரும் அப்படிச் செய்தால் என்ன மிஞ்சும்?

அந்த மண்ணை நோயாளியின் நெற்றியில் சிலுவையாகப் பூசிச் செபிக்கலாம். நீரில் கலந்து குடிக்கக் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் பழி மறைசாட்சியின் பெயரில் விழும்.

ஓரியூரோடு வேறு எதையும் அதே நாளில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. வண்டிக்காரர் இராமேஸ்வரத்தையும் பார்த்துவிடலாம் என்பார். ஒத்துக்கொண்டால் ஓரியூருக்குக் கிடைப்பது முக்கால்மணி நேரம்.

7. சென்னை: சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம்

மரபின்படி தோமா ஒளிந்திருந்தது சின்னமலைக் குகையில், கி.பி. 72-இல் ஈட்டியால் குத்தப்பட்டது பரங்கிமலையில், அடக்கம் செய்யப்பட்டது மயிலாப்பூர்க் கடற்கரையில். வரிசையும் அதுவே. நல்லவேளையாகப் பயண வசதியும் அதற்கே ஒத்துவருகிறது.

சின்னமலைக்குக் காலையில் மெட்ரோவிலேயே வந்து இறங்கலாம், நிலையத்தின் பெயரே சின்னமலை. குகை தாழ்வானது. குனிந்து நுழையவேண்டும், ஒரு நேரத்தில் சிலர்தான் நிற்க முடியும். கூட்டமாக வந்தவர்கள் நான்கைந்து பேராகப் பிரிந்து போங்கள், மற்றவர்கள் வெளியே செபமாலை சொல்லட்டும்.

அங்கிருந்து ஆலந்தூர், அங்கே தடம் மாறி அடுத்த நிலையம் பரங்கிமலை. மலைக்குப் படிவழியில் ஏறுங்கள். 130-க்கும் மேற்பட்ட படிகள், வழியில் சிலுவைப்பாதையின் 14 நிலைகள். நிலைக்கு நிலை நின்று செபித்தால் மூச்சும் வாங்காது. முடியாதவர்களுக்கு வண்டிச் சாலை உச்சிவரை இருக்கிறது. ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவது நல்லது.

மேலே வந்ததும் எல்லாரும் விமான ஓடுபாதையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள். முதலில் ஆலயத்துக்குள் போங்கள். பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கும் கற்சிலுவையைப் பாருங்கள். 1547-இல் போர்த்துக்கீசியர் தோண்டியபோது கிடைத்தது, சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள். அது அலங்கார வேலைப்பாடு என்று நினைத்து, என்னவென்றே தெரியாமல் இறங்கிவிடுகிறவர்கள் பாதிப்பேர்.

சாந்தோமிலும் இதே கதை. பெரிய ஆலயத்தில் செபித்துவிட்டு வெளியேறிவிடுவார்கள். கல்லறை அங்கே இல்லை, நிலத்தடியில். அதற்குத் தனி வாயில், ஆலயத்தின் பின்பக்கம் இருக்கிறது. படியிறங்கிப் போனால் கல்லறைச் சிற்றாலயம். அங்கே பேசக்கூடாது, கைப்பேசியை வாயிலிலேயே அணைத்துவிடுங்கள். தோமாவின் எலும்புகளில் பெரும்பகுதி 1258 முதல் இத்தாலியின் ஒர்தோனாவில் இருக்கிறது. அதை வைத்து இது வெறும் கல்லறைதானே என்று நினைக்கவேண்டாம். அவரை முதலில் கிடத்திய மண் இது.

8. பூசை, நன்மை, பரிபூரணப் பலன்

நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணக்கூடாது. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. வண்டியில் முறுக்குப் பொட்டலம் சுற்றிவரும்போது இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பூசை நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக் காலை உணவை வையுங்கள்.

ஒரே நாளில் இரண்டு தலங்களில் பூசை கண்டால், இரண்டாவது முறையும் நன்மை வாங்கலாம், அந்தத் திருப்பலியில் பங்கேற்றிருந்தால் மட்டும். மூன்றாவது முறை இல்லை.

சாந்தோம் 1956-இல் பசிலிக்காவாக, அதாவது திருத்தந்தை தனிச் சிறப்பு அளித்த ஆலயமாக, உயர்த்தப்பட்டது. பசிலிக்காவைப் பக்தியோடு சந்தித்து, கர்த்தர் கற்பித்த செபமும் விசுவாசப் பிரமாணமும் சொல்கிறவர்களுக்கு அதன் பெயர்த் திருவிழா, ஜூன் 29, ஆகஸ்ட் 2, இவை தவிர ஆண்டில் அவரவர் தேர்ந்தெடுக்கும் ஒரு நாள் ஆகியவற்றில் பரிபூரணப் பலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, உண்டு. உங்கள் பயண நாளை அந்த ஒரு நாளாக வைத்துக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனம், நன்மை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம், எந்தப் பாவத்தின்மீதும் பற்றில்லாத மனம் ஆகிய நான்கும் வேண்டும். பாவசங்கீர்த்தனம் அதே நாளில்தான் என்றில்லை, முன்னும் பின்னும் சுமார் 20 நாள்வரை செல்லும். ஊரிலேயே முடித்துவிட்டு வந்தால் திருத்தலத்தில் வரிசையில் நிற்கவேண்டியதில்லை.

9. வீட்டுக்கு வந்தபின்

கொண்டுவந்த மண்ணையும் நீரையும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிச் செபப் பீடத்தில் வையுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் அது ஏதோ ஒரு டப்பா. பாட்டில் நீரை நாள்கணக்கில் வைத்துக் குடிக்கவேண்டாம். வைத்திருக்க முடியாத நிலை வந்தால் சாக்கடையிலோ குப்பையிலோ போடாமல், கால்படாத இடத்தில் செடியடியில் ஊற்றுங்கள். மண்ணையும் அங்கேயே இடலாம்.